நாடுகடத்தலா, வெளியேற்றலா?

‘கட’ என்னும் வினையடி எதிரெதிரான இரண்டு வழக்குகளைத் தந்திருக்கிறது. ஒருவர் தாமே எல்லையைத் தாண்டினால் நாடு கடந்தவர்; அரசு அவரைத் தாண்டச் செய்தால் நாடு கடத்தப்பட்டவர். ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தில் இவ்விரண்டும் ஒரே மனிதர்மீது வந்து மோதுகின்றன.

நாம் நாடுகடத்தல் என்று பெயர்க்கும் ‘டிப்போர்ட்டேஷன்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் மூலம் இலத்தீன். ‘தேபோர்த்தாரே’ என்றால் அப்பால் சுமந்துசெல்லுதல். உரோமச் சட்டத்தில் ‘தேபோர்த்தாத்தியோ’ என்னும் தண்டனை பெற்றவர் தீவொன்றுக்கு அனுப்பப்பட்டதோடு தம் குடிமையையும், அதாவது குடிமகன் என்னும் தகுதியையும், இழந்தார்; ‘ரெலெகாத்தியோ’ என்னும் இலேசான வகையில் குடிமை பறிபோகவில்லை. கருங்கடற்கரைக்கு அனுப்பப்பட்ட கவிஞர் ஒவித், தமக்கு விதிக்கப்பட்டது இரண்டாவதே என்று வலியுறுத்தி எழுதியதற்கு இந்த வேறுபாடே காரணம்.

ஐரோப்பிய ஒன்றியத்தை உருவாக்கிய மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம் 1993 நவம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது, உறுப்பு நாடுகளின் குடிமக்கள் அனைவரும் ஒன்றியத்தின் குடிமக்களும் ஆயினர். ஜெர்மனியில் வாழும் இத்தாலியர் அங்கே முற்றிலும் அயலாரும் அல்லர், முற்றிலும் உள்நாட்டாரும் அல்லர். அவர் குற்றம் செய்தால் என்ன ஆகும்? ஒன்றியம் உறுப்பு நாடுகளுக்கு இட்ட 2004ஆம் ஆண்டின் 38ஆம் எண் நெறியாணையின்படி, முன்பு பெற்ற தண்டனை மட்டுமே அவரை அனுப்பப் போதிய காரணமாகாது. அவருடைய சொந்த நடத்தை சமூகத்தின் அடிப்படை நலனுக்கு உண்மையான, இப்போதும் நீடிக்கிற, போதிய அளவு கடுமையான அச்சுறுத்தலாக இருக்கவேண்டும். நிரந்தர வதிவுரிமை பெற்றவருக்குக் கடுமையான காரணங்கள் வேண்டும். பத்தாண்டு வாழ்ந்தவரைப் பொதுப் பாதுகாப்பின் தவிர்க்கவியலாத காரணத்துக்காக மட்டுமே அனுப்பலாம். பிறரை அச்சுறுத்தி எச்சரிப்பதற்காக ஒருவரை அனுப்பக் கூடாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 1975லேயே, ஒன்றியக் குடிமை தோன்றுவதற்கு முன்பே, தீர்ப்பளித்துவிட்டது. மனிதரைக் கருவியாக்க மறுக்கும் அந்தத் தீர்ப்பை நான் பெரிதும் மதிக்கிறேன்.

நம் செய்தித்தாள்களோ மன்னரை அயல்தீவுக்கு அனுப்பியதையும், குற்றஞ்சாட்டப்பட்டவரை வேறொரு நாட்டின் நீதிமன்றத்துக்கு அனுப்புவதையும், அயல்நாட்டாரை வெளியே அனுப்புவதையும் ‘நாடுகடத்தல்’ என்றே எழுதுகின்றன. முதலாவதற்கு அச்சொல் பொருந்தும். இரண்டாவது ‘ஒப்படைப்பு’. மூன்றாவதை ‘வெளியேற்றல்’ எனலாம். ஜெர்மன் மொழி இதையும் பிரித்து, வதிவுரிமையை முடிக்கும் ஆணையை ‘அவுஸ்வைசுங்’ என்றும், ஆளைக் கொண்டுசென்று விடுவதை ‘அப்ஷீபுங்’ என்றும் வழங்குகிறது. தமிழில் ‘வெளியேற்ற ஆணை’, ‘அகற்றல்’ என்று கொள்ளலாம்.

ஒன்றியக் குடிமையைச் சுட்டும் ‘சுப்ராநேஷனல்’ என்பதற்கு ‘மேல்நாட்டு’ என்று எழுதினால் மேலைநாடு என்ற பொருள் வந்துவிடும். ‘நாடுகடந்த’ என்பது நாடுகளுக்கு இடையே பரவியதைக் குறிக்கும். நாடுகளுக்கு மேலான ஓர் அமைப்பு தரும் தகுதியை ‘மீநாட்டுக் குடிமை’ என்பதே எனக்குத் தெளிவாகப் படுகிறது. ‘குடியுரிமை’ என்னாமல் ‘குடிமை’ என்பதால், ‘குடியுரிமை உரிமைகள்’ என்று இரட்டிக்கும் இடரும் நீங்கும்.

வெளியேற்றப்பட்ட ஒன்றியக் குடிமகன் தம் குடிமையை இழப்பதில்லை. நுழைவுத் தடையை நீக்கும்படி, அதிகம் போனால் மூன்றாண்டுகளுக்குப் பின் அவர் விண்ணப்பிக்கலாம். ஆறு மாதத்துக்குள் அரசு முடிவு சொல்லவேண்டும்.