ரவுஃக்பியர்: புகைமால்ட் பீர்

ஜெர்மன் மொழியில் ரவுஃக் என்றால் புகை; பியர் நாம் அறிந்த பீர். இதை 'ரவுச்' என்று வாசிப்பது தவறு. முதற்சொல்லின் முடிவில் வருவது தொண்டையை உரசும் ககரம். ஊர், பவேரியா மாநிலத்தின் பாம்பெர்க்.

'புகை பீர்' என்று தமிழாக்கினால் பீருக்கே புகை போட்டதுபோல் ஆகிவிடும். புகை ஏறுவது தானியத்தில். பார்லியை ஊறவைத்து முளைகட்டி, முளை மேலும் வளராதபடி உலர்த்தினால் கிடைப்பது மால்ட். பாம்பெர்கில் சூளைக்கு அடியில் பீச் (beech; பீச் பழமரம் அல்ல) மரக்கட்டைகளை எரித்து, வெப்பத்தோடு புகையையும் மால்ட்டின் ஊடாக நேரே ஏறவிடுகிறார்கள். ஈரத் தானியம் புகையிலுள்ள குவையக்கால் முதலிய ஃபீனால்களை, அதாவது புகை மணம் தரும் சேர்மங்களை, பிடித்துக்கொள்ளும். பின்பு லாகர் (குளிரில் மெல்ல நொதிக்கும் பீர் வகை) ஈஸ்ட்டிட்டுக் குளிரில் நொதிக்கவிடுவதெல்லாம் மற்ற லாகர்களுக்குச் செய்வதுதான். ஆகவே 'புகைமால்ட் பீர்' என்பதே சரியான பெயர்.

விறகுத் தீயில் உலர்ந்த பழங்கால மால்ட்டில் புகை நாற்றம் சாதாரணம். வெப்பக் காற்று மட்டும் செல்லும் சூளைகள் பரவியபின் அது மறைந்தது. ஷ்லெங்கர்லா, ஸ்பெட்ஸியால் என்ற இரு பாம்பெர்க் ஆலைகள் மட்டும் பழைய முறையை விடவில்லை. இன்றும் தங்கள் மால்ட்டைத் தாங்களே புகையில் உலர்த்துகின்றன. இந்தப் பிடிவாதத்தால்தான் ஒரு சுவையே பிழைத்திருக்கிறது.

சுவைத்துப் பார்க்க ஷ்லெங்கர்லாவின் மெர்ட்சனே முதல் தேர்வு. ஆல்கஹால் 5.1 சதவீதம். மெர்ட்சன் என்ற பெயர் மார்ச் மாதத்தைக் குறிக்கும்: 1553ஆம் ஆண்டு ஆணைப்படி பவேரியாவில் ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பீர் காய்ச்சத் தடை, எனவே கோடைக்கானதை மார்ச்சிலேயே காய்ச்சி வைத்தார்கள்.

8 முதல் 10 டிகிரியில் ஊற்றுங்கள். ஃபிரிட்ஜின் 4 டிகிரியில் மால்ட்டின் இனிப்பு அடங்கி, புகை மட்டும் கடுமையாகத் தெரியும். நிறம் அடர்பழுப்பு, வெளிச்சத்தில் பிடித்தால் செம்மணிச் சாயல்; ஸ்டவுட் என்ற கரும்பீர்போல் கருமையை எதிர்பார்த்துக் குறை சொல்லக்கூடாது. மணத்தில் மாசிக்கருவாட்டின் நெருங்கிய உறவு. முதல் மிடறில் மதிப்பெண் போடவே வேண்டாம். மூக்கு சில நிமிடங்களில் புகைக்குப் பழகிவிடும். பாதிக் கோப்பையில்தான் ரொட்டியின் மேலோட்டுச் சுவையும் உலர்ந்த கசப்பும் வெளிவரும். முதல் மிடறு விசித்திரமாக இருந்தாலும் நிறுத்தாதீர்கள் என்று ஷ்லெங்கர்லாவே சொல்கிறது. குறிப்பை இருமுறை எழுதுவது நல்லது: ஊற்றியதும் ஒன்று, பாதியில் ஒன்று.

விறகுப் புகை குணம். பிளாஸ்திரி, மருத்துவமனை வாடை குற்றம். வீட்டில் காய்ச்சுவோருக்கு இது பெரும்பாலும் குழாய்நீரின் குளோரினால் வருகிறது: ஃபீனாலோடு சேர்ந்து குளோரோஃபீனால் ஆகிவிடும், மிகச் சிறு அளவே முழுப் பீரையும் கெடுக்கும். காய்ச்சுவதற்குமுன் சுமார் 75 லிட்டர் நீருக்கு ஒரு காம்ப்டன் மாத்திரையை (பீர், ஒயின் காய்ச்சுவோர் பயன்படுத்தும் சல்ஃபைட் மாத்திரை) பொடித்துக் கலந்தால் குளோரின் நீங்கும். கிராம்பு வாடை வந்தால் காட்டு ஈஸ்ட் புகுந்திருக்கக்கூடும்; கலன்களையும் குழாய்களையும் பிரித்துக் கழுவுங்கள். புகையே மங்கலாக இருந்தால் மால்ட் பழையதாக இருக்கலாம், அடுத்த முறை புதிய மூட்டையாகப் பார்த்து வாங்குங்கள்.