பதகளிப்பு: நெஞ்சை நெரிக்கும் சொல்

வெள்ளவத்தையில் இருக்கும் என் சின்னம்மா ஒரே ஆண்டில் மூன்று முறை ஈ.சீ.ஜி. எடுத்தார். மூன்றிலும் இதயத்தில் குறை தெரியவில்லை. நான்காவதாகப் பார்த்த மருத்துவர் துண்டில் ‘அங்சைட்டி’ (anxiety) என்று எழுதினார். பஸ்ஸில் திரும்பி வரும்போது சின்னம்மா கேட்டார்: “அப்படியென்றால் எனக்கு நெஞ்சு நொந்தது பொய்யா, மகன்?”

பொய்யில்லை. அந்தச் சொல்லே சாட்சி. லத்தீனில் ‘ஆங்கெரே’ என்றால் நெரித்தல், இறுக்குதல். அங்சைட்டி அதிலிருந்து வந்தது. இதயத்துக்குப் போதிய குருதி கிடைக்காதபோது வரும் நெஞ்சுவலியை ‘அஞ்சைனா’ என்கிறார்களே, அதற்கும் வேர் அதுதான். 1768இல் அந்த வலியை விவரித்த லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன், நெரிபடும் உணர்வும் அங்சைட்டியும் கூடவே வருவதைச் சொல்லித்தான் அந்தப் பெயரை இட்டார். (ஒலி ஒத்திருக்கிறதே என்று நமது ‘அஞ்சு’தலோடு முடிச்சுப் போட வேண்டாம்.)

அங்சைட்டியைத் தமிழகத்தார் ‘பதற்றம்’ என்கிறார்கள். சீறு, சீற்றம் ஆவது போலப் பதறு, பதற்றம் ஆகும்; ‘பதட்டம்’ பிழை. இலங்கை மருத்துவர்கள் எழுதுவது ‘பதகளிப்பு’. எனக்கு இதுதான் பொருத்தம். பஸ்ஸைத் தவறவிட்டவன் பதறுவான், அடுத்த பஸ் வந்ததும் அடங்குவான். வெளிநாட்டிலுள்ள பிள்ளையின் அழைப்பு வரும்வரை உள்ளும் வெளியும் நடக்கிற தாய் பதகளிக்கிறாள். அந்த நிலை மாதக்கணக்கில் விடாமல் அன்றாட வாழ்வையே குலைத்தால் அது பதகளிப்பு நோய்.

‘மனப்பதற்றம்’ என்று சிலர் எழுதுவதில் அந்த ‘மன’ உறுத்துகிறது. அதிரினலின் சுரந்து இதயத்தை விரட்டுகிறது. மூச்சு வேகமாகிக் குருதியில் காபனீரொட்சைட்டு குறைய, விரல்நுனி விறுவிறுக்கிறது. வயிறு கலக்குகிறது. இதெல்லாம் மனத்தில் மட்டுமா நடக்கிறது? எதிர்த்திசையிலும் வழி உண்டு: தைரொயிட் மிகையாகச் சுரந்தாலும், நீரிழிவுக்காரருக்குச் சீனி சட்டென்று இறங்கினாலும், தொய்வுக்கு (ஆஸ்துமாவுக்கு) எடுக்கும் சல்பியூட்டமோல் கூடினாலும் அதே படபடப்பு, அதே நடுக்கம். சின்னம்மாவின் துண்டில் அடுத்த வரியே தைரொயிட் பரிசோதனைதான்.

பம்பலப்பிட்டி தாண்டும்போது, “அது பதகளிப்பு, சின்னம்மா” என்றேன்.

“அதுவா? அது எனக்குப் பிள்ளை கொழும்புக்குப் படிக்க வந்த நாளிலிருந்தே இருக்கிறதே” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “நான் அங்கொடை மனநோய் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார் என்று நினைத்தேன்.”