‘கழுத்தை அறுத்துவிட்டான்’ என்பதை மொழிபெயர்க்கும் முன்

அது ஒரு பணமோசடிப் புகார். கூட்டாளியிடம் பணம் கொடுத்து ஏமாந்தவர், “நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டான்” என்று எழுதியிருந்தார். யாரோ ஆங்கிலத்தில் மாற்றியது, சரிபார்க்க என்னிடம் வந்தது. அதில் கூட்டாளி நிஜமாகவே கத்தி எடுத்திருந்தான்! மோசடி, கொலை முயற்சியாகிவிட்டது. நல்லவேளை, அனுப்புவதற்கு முன் கண்ணில் பட்டது.

மரபுத்தொடர் என்றதும் வேடிக்கையானவைதான் நினைவுக்கு வரும். ஏமாற்றுவதற்கு நாம் காதில் பூச்சுற்றுகிறோம், ரஷ்யர்கள் காதில் நூடுல்ஸைத் தொங்கவிடுகிறார்கள். ஒன்றும் புரியாவிட்டால் ஜெர்மானியர் ‘எனக்கு ரயில் நிலையம் மட்டும்தான் புரிகிறது’ என்பார். கிரேக்க மொழியில் அடைமழை என்றால் நாற்காலிக் கால்கள் கொட்டும். வேலை தலைக்கு மேல் போனால் ஜப்பானியருக்குப் பூனையின் கையைக்கூட இரவல் வாங்கத் தோன்றும். எனக்கு இவை ரொம்பப் பிடிக்கும். இவற்றால் ஆபத்தும் குறைவு. சொல்லுக்குச் சொல் மாற்றினால் பொருள் ஒட்டாது, படிப்பவர் உடனே நிதானிப்பார்.

நேர்ப்பொருளிலும் அச்சாகப் பொருந்திவிடுகிற தொடர்களுக்குத்தான் நான் பயப்படுகிறேன். பிரெஞ்சில் ‘எனக்கு இதயத்தில் வலி’ என்று சொற்கள் வரிசையாக வரும், ஆனால் வழக்கில் அது குமட்டல். ஜப்பானியர் ‘காது வலிக்கிறது’ என்றால், அவர் குறையை யாரோ சரியாகச் சுட்டிவிட்டார்கள் என்றும் இருக்கலாம். இந்தோனேசிய மொழியில் ‘ஹாத்தி’ என்ற உறுப்பு கல்லீரல். ஆனால் ‘சாகித் ஹாத்தி’ என்றால் மனம் புண்பட்டது. நம் ‘வயிறு எரியுது’ மட்டும் என்ன? அமிலமாகவும் இருக்கலாம், ஆற்றாமையாகவும் இருக்கலாம். மருத்துவர் முன்னால் இந்த வித்தியாசம் சிகிச்சையையே மாற்றிவிடும்.

அரசியலிலும் இது நடந்திருக்கிறது. 1956-இல் மாஸ்கோவில் மேற்கத்தியத் தூதர்களிடம் சோவியத் தலைவர் குருஷ்சேவ் சொன்னது ‘உங்களைப் புதைப்போம்’ என்று ஆங்கிலத்துக்குப் போனது. நீங்கள் போன பிறகும் நாங்கள் இருப்போம் என்பதே அவர் சொல்லவந்தது. அணு ஆயுதக் காலத்தில் அது மிரட்டலாகவே கேட்டது. மண்வெட்டியால் புதைப்பதைச் சொல்லவில்லை என்று 1963-இலும் அவர் விளக்க வேண்டியிருந்தது.

அதனால், ஒருவர் பேசுவதை இன்னொருவருக்கு மொழிபெயர்க்கும்போது சந்தேகம் வந்தால் நான் ஊகிப்பதில்லை. “எந்த இடம், கை வைத்துக் காட்டுங்கள்”, “அவர் என்ன செய்தார், நடந்ததைச் சொல்லுங்கள்” என்று நிறுத்திக் கேட்பேன். ஏன் கேட்கிறேன் என்பதை எதிர்ப்பக்கத்துக்கும் சொல்லிவிடுவேன். இல்லாவிட்டால் நாங்கள் இருவரும் ரகசியம் பேசுவதாகத் தோன்றும். கேட்டால் மொழி தெரியாதவர் என்று நினைத்துவிடுவார்களோ என்று புதிதாக வருபவர்கள் தயங்குகிறார்கள். தயவுசெய்து தயங்காதீர்கள்.

செல்போன் செயலியை வைத்துப் பேசுபவர்கள் உவமையும் பழமொழியும் இல்லாமல் சின்னச் சின்ன வாக்கியமாகச் சொல்லுங்கள். மொழிபெயர்த்த வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடும் முன், அதை உங்கள் மொழியில் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

அந்தப் புகார்காரருக்கு வெறும் ‘ஏமாற்றிவிட்டான்’ போதவில்லை. “என் வலி அதில் இல்லையே” என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். அப்புறம் இருவரும் உட்கார்ந்து பேசி, ‘என் நம்பிக்கைக்குத் துரோகம் செய்து பணத்தை எடுத்துக்கொண்டான்’ என்ற பொருளில் எழுதினோம். தொகையையும் தேதியையும் அடுத்த வரியிலேயே சேர்த்தோம்.