கோழி ஆகாத நாய்க்குக் கோழியிலேயே தீனியா?

"என் லாப்ரடாருக்குக் கோழி ஒவ்வாமையாக இருக்கலாம் என்று சொன்ன அதே டாக்டர், கோழி ஈரலில் செய்த தீனியை எழுதிக் கொடுக்கிறார், இது என்ன கூத்து?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கூடவே தீனியின் விலையையும் எழுதியிருக்கிறார், கோபம் நியாயம்தான். ஆனால் பையில் 'ஹைட்ரோலைஸ்டு' என்று போட்டிருக்கிறதா பாருங்கள், விஷயம் அதில்தான் இருக்கிறது.

புரதம் என்பது அமினோ அமிலங்களின் நீளமான சங்கிலி, பள்ளியில் படித்ததுதான். ஈரலை அரைத்து, தண்ணீரும் நொதியும் சேர்த்து, அந்தச் சங்கிலியைத் துண்டு துண்டாக வெட்டிவிடுகிறார்கள், 'ஹைட்ரோலைஸ்டு' என்றால் இதுதான். குடலில் நடப்பது தொட்டியில் நடக்கிறது, அவ்வளவுதான். சரி, வெட்டினால் அரிப்பு ஏன் நிற்க வேண்டும்?

தோலிலும் குடலிலும் மாஸ்ட் செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்கள் இருக்கின்றன, உள்ளே அரிப்பைக் கிளப்பும் ஹிஸ்டமின் நிரம்பிய குட்டிக் குட்டிப் பைகளோடு. செல்லின் மேற்பரப்பில் ஐஜிஇ என்ற ஆன்டிபாடிகள் வால் பகுதி செல்லில் ஒட்டியபடி, இரண்டு கைகளையும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். (1966-இல் ஜப்பானிய விஞ்ஞானிகளான இஷிசாகா தம்பதி தங்கள் தோலிலேயே ஊசி போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்தது இந்த ஐஜிஇ-யைத்தான். இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் அதற்குக் கையெழுத்துப் போடாது.) இப்போது கோழிப் புரதம் வந்து ஒரு ஐஜிஇ-யில் ஒட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றும் ஆகாது. அதே மூலக்கூறு பக்கத்தில் இருக்கும் இன்னொரு ஐஜிஇ-யையும் சேர்த்துப் பிடித்து, இரண்டையும் அருகே இழுத்தால்தான் செல்லுக்குள் சமிக்ஞை ஓடும், சில நிமிடங்களில் ஹிஸ்டமின் வெளியே கொட்டும். வங்கி லாக்கர் மாதிரி, இரண்டு சாவியும் வேண்டும். முழுப் புரதத்தில் ஐஜிஇ ஒட்டக்கூடிய இடங்கள் பல உண்டு. வெட்டிய துண்டில் ஒன்று இருக்கும், அல்லது அதுவும் இருக்காது. அது ஒட்டும், ஆனால் இணைக்காது. நோய் எதிர்ப்பு மண்டலத்தில் எனக்கு இதைவிடப் பிடித்த ஏற்பாடு வேறு கிடையாது.

எவ்வளவு சின்னதாக வெட்ட வேண்டும்? உதாரணத்துக்கு, கோழி ரத்தத்தில் இருக்கும் ஆல்புமின் என்ற புரதம் சுமார் 67,000 டால்டன் (மூலக்கூறின் எடையை அளக்கும் அலகு). பொதுவாகத் துண்டுகளை 10,000-க்குக் கீழே கொண்டுவரப் பார்ப்பார்கள். சிலர் 1,000 வரை போவார்கள், அதாவது சுமார் ஒன்பதே அமினோ அமிலங்கள். ஆனால் எல்லா உணவு ஒவ்வாமையும் ஐஜிஇ வழியாக வருவதில்லை. நோய் எதிர்ப்பு மண்டலத்தின் இன்னொரு வகையான டி செல்கள் இந்த மாதிரிக் குட்டித் துண்டுகளையும் அடையாளம் கண்டுகொள்ளும், அதனால்தான் சில நாய்கள் இதைத் தின்றும் சொறிந்துகொண்டே இருக்கின்றன. இன்னொரு தொல்லை, வெட்ட வெட்டக் கசப்பு ஏறும், ஏனென்றால் அதுவரை புரதத்தின் மடிப்புக்குள் ஒளிந்திருந்த, தண்ணீர் பிடிக்காத அமினோ அமிலங்கள் வெளியே வந்து நாக்கில் கசக்கும்.

கோழிப் பண்ணைத் தீவனத்தில் வரும் ஹைட்ரோலைஸ்டு இறகுத் தூள் வேறு கதை. இறகில் பெரும்பகுதி புரதம்தான், ஆனால் கந்தகப் பிணைப்புகள் இறுக்கிப் பிடித்திருப்பதால் பச்சையாகச் செரிக்காது. அழுத்த நீராவியில் வேகவைத்து அதை உடைக்கிறார்கள். அங்கே நோக்கம் செரிமானம், ஒவ்வாமை இல்லை.

அப்புறம், "முடியை அனுப்புங்கள், எது ஒத்துக்கொள்ளாது என்று சொல்கிறோம்" என்று விற்கும் பரிசோதனையை வாங்கிவிடாதீர்கள். 2019-இல் வெளியான ஓர் ஆய்வில் செயற்கை முடியையும், உமிழ்நீருக்குப் பதில் உப்புக் கரைசலையும் அனுப்பினார்கள். அவற்றுக்கும் ஒவ்வாமை இருப்பதாக முடிவு வந்தது! கிளி ஜோசியம் இதைவிட மலிவு.

நம்பகமான வழி ஒன்றுதான். எட்டு வாரம் இந்தத் தீனி மட்டும், பிஸ்கட் கிடையாது, பாட்டி ரகசியமாகப் போடும் தயிர்சாதமும் கிடையாது (நாய்களில் பால் பொருள் ஒவ்வாமை கோழியைப் போலவே சகஜம்). அரிப்பு அடங்கினால் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு முன்பு கொடுத்த கோழித் தீனியை மறுபடி கொடுத்துப் பாருங்கள். திரும்பச் சொறிந்தால்தான் காரணம் கோழி.