சோஃபி ஜெர்மேனும் 11-உம்

"சோஃபி ஜெர்மேன் ஆண் பெயரில் கடிதம் எழுதிய கதையோடு எல்லாரும் நிறுத்திவிடுகிறீர்கள். அவர் போட்ட கணக்குதான் என்ன?" என்று சிங்கப்பூர் ஈசூன் வட்டார வாசகி ஒருவர் கேட்கிறார்.

நியாயமான கேள்வி. கதையைச் சட்டென்று முடித்துவிடுவோம். 1776-இல் பாரிசில் பிறந்த கணித அறிஞர். பெண் என்பதால் எக்கோல் பாலிடெக்னிக் கல்லூரியில் இடமில்லை. பாடக்குறிப்புகளை வாங்கிப் படித்து, லெப்ளாங்க் என்ற பெயரில் கணித மேதைகளான லக்ராஞ்சுக்கும் காஸுக்கும் எழுதினார். சரி, கணக்குக்கு வருவோம்.

இரண்டு நேர் முழு எண்களின் ஐந்தாம் அடுக்குகளைக் கூட்டினால் இன்னொரு முழு எண்ணின் ஐந்தாம் அடுக்கு வருமா? வராது என்றார் 17-ஆம் நூற்றாண்டுக் கணித அறிஞர் ஃபெர்மா. எண்களுக்கு முடிவே இல்லை, எப்படிச் சோதிப்பது?

ஜெர்மேன் 5-ஐ இரட்டித்து ஒன்று கூட்டினார்: 11. இதுவும் பகா எண். இப்போது 2-இன் ஐந்தாம் அடுக்கு 32, அதாவது 33-க்கு ஒன்று குறைவு. 3-க்கு 243: 242-ஐவிட ஒன்று கூடுதல். 6-க்கு 7776: 7777-க்கு ஒன்று குறைவு. கால்குலேட்டரில் எதைப் போட்டாலும் சரி, 11-இன் மடங்குக்கு ஒன்று கூடும் அல்லது ஒன்று குறையும். எண்ணே 11-இன் மடங்கானால் மீதி 0. வேறு எதுவும் வரவே வராது! 11-ஆல் வகுபடாத எண்ணின் பத்தாம் அடுக்கு எப்போதும் மீதி 1 தரும். ஐந்தாம் அடுக்கு அதன் வர்க்கமூலம். ஆகவே 1 அல்லது −1.

மூன்று எண்களும் 11-ஆல் வகுபடாதவை என்று வையுங்கள். இரண்டு மீதிகளைக் கூட்டினால் 2, 0, −2 இவற்றில் ஒன்றுதான் கிடைக்கும். நமக்கு வேண்டியதோ 1 அல்லது −1. மாட்டிக்கொண்டது! விடை என்று ஒன்று இருந்தால், மூன்றில் ஒன்றாவது 11-ஆல் வகுபட வேண்டும். அங்கிருந்து சில படிகள் ஏறி, மூன்றில் ஒன்று 5-ஆலும் வகுபட்டாக வேண்டும் என்று காட்டினார்.

நம் சிங்கப்பூர் அடையாள அட்டை எண்ணின் கடைசி எழுத்தும் 11-ஆல் வகுத்த மீதியிலிருந்துதான் வருகிறது. ஓர் இலக்கம் பிசகினால் எழுத்து காட்டிக்கொடுத்துவிடும். ராசி எண் பார்த்து கார் நம்பர் தேடுகிறவர்கள் இந்த 11-ஐக் கொஞ்சம் கவனிக்கலாம்.

இத்தனைக்கும் சக கணித அறிஞர் லெஜாந்த்ர் ஜெர்மேன் பெயரை ஓர் அடிக்குறிப்பில் சொன்னதோடு சரி. எனக்கு அது கஞ்சத்தனமாகத்தான் படுகிறது.

7-க்கு இந்த வித்தை பலிக்காது. 15 பகா எண் அல்லவே. அப்போது நான்கால் பெருக்கி ஒன்று கூட்டினால் 29. ஏழாம் அடுக்குகள் அங்கே 0, 1, 12, 17, 28 என ஐந்தே மீதிகள் தரும், வேலை நடந்துவிடும். இப்படி 100-க்குட்பட்ட ஒவ்வோர் ஒற்றைப் பகா எண்ணுக்கும் துணை எண் ஒன்றைத் தேடிப் பிடித்தார். 13-க்கு முயன்று பார்க்க விரும்புகிறவர்கள் 53-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்.