பைலட் என்றால் விமானி அல்ல

பாராலிம்பிக் வந்தால் போதும், டிவியில் இந்த வாக்கியமும் வந்துவிடுகிறது: "பார்வையற்ற வீரரும் அவரது விமானியும் சைக்கிள் பந்தயத்தில் தங்கம் வென்றனர்." சைக்கிளுக்கு எதற்கு விமானி? நூறாண்டு தாண்டிய பார்வையற்றோர் பள்ளி உள்ள பாளையங்கோட்டையில் இதைச் சொன்னால் பிள்ளைகள் சிரித்துவிடும்.

பாரா சைக்கிளில் 'பி' பிரிவு பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கானது. டாண்டம் என்ற இரட்டைச் சைக்கிளில் ஓட்டுவார்கள். முன்சீட்டில் ஹேண்டில்பார் பிடிக்கிற பார்வையுள்ளவர் பைலட். பின்சீட்டு வீரர் ஸ்டோக்கர். நீராவிக் கப்பலில் கரி அள்ளிப் போட்டவரின் பெயர் அது. பைலட்டும் கப்பல் சொல்தான். கிரேக்கத்தில் துடுப்பைக் குறித்த சொல், இத்தாலியம், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. விமானம் பிறந்தது அதற்கெல்லாம் ரொம்பப் பிறகு. தூத்துக்குடித் துறைமுகத்துக்குள் கப்பலைக் கொண்டுவருகிறவர் இன்றும் பைலட்தான். அவரை யாரும் விமானி என்பதில்லை. அகநானூற்றில் மாடத்து விளக்கொளியைப் பார்த்துக் கலத்தைத் துறை சேர்க்கிறானே நீகான், அவன் செய்வதும் இதே வேலை.

சரி, விமானி அறியாமை, விட்டுவிடலாம். நல்ல தமிழ் என்று நினைத்துக்கொண்டு 'வழிகாட்டி' என்று எழுதுகிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. 250 மீட்டர் வட்டத் தடத்தில் எந்த வழியைக் காட்டுவது? ஓட்டப் பந்தயத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூட ஓடுகிறவரை வழிகாட்டி என்றால் பொருந்தும். இங்கே இருவர் பெடலும் சங்கிலியால் பிணைந்தவை. தடத்துச் சைக்கிளுக்கு பிரேக்கும் இல்லை, ஃப்ரீவீலும் இல்லை; சக்கரம் சுற்றுகிறவரை இருவர் காலும் சேர்ந்தே சுற்றியாக வேண்டும். முன்னால் இருப்பவர் வழி மட்டும் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் கடைசி இடம்தான். 2012 லண்டனில் 1 கிலோமீட்டர் பந்தயத்தில் பார்வைக் குறைபாடுள்ள பிரிட்டன் வீரர் நீல் ஃபாச்சி வென்றபோது முன்சீட்டில் பார்னி ஸ்டோரி. டோக்கியோவில் அதே பந்தயத்தில் மறுபடி வென்றபோது மேட் ரோதரம். தங்கம் இருவர் கழுத்திலும் ஏறியது. முன்னால் இருந்தவர் காலால் உழைக்காமல் வழி மட்டும் காட்டியிருந்தால் அது வந்திருக்குமா? 'உதவியாளர்' இன்னும் மோசம். பின்னால் இருப்பவரைச் சும்மா தூக்கிக்கொண்டு போவதுபோல ஒரு தொனி அதில்.

கப்பலோட்டியைக் குறிக்கும் மீகாமன் என்று ஒரு தரப்பு சொல்லும். அழகான சொல்தான், ஆனால் சைக்கிளில் கடல் வாடை அடிக்கும். 'முன்னோட்டி' என்றால் சினிமா முன்னோட்டம் நினைவுக்கு வரும். எனக்குப் பிடித்தது நம் கரிசல் காட்டுச் சொல்: முன்னத்தி. கோவில்பட்டி, சங்கரன்கோவில் பக்கம் முதலில் போகிற ஏர் முன்னத்தி ஏர். சால் பிடிப்பது, அதாவது உழவுக் கோடு போடுவது அது; பின்னால் வருகிற ஏரும் அதே அளவுக்கு உழுகிறது. ஆகவே முன்னத்தி வீரர், பின்னத்தி வீரர். பின்னத்தி அகராதியில் இருக்கிறதா என்று கேட்பவர்கள் முதலில் சைக்கிள் விமானியை அகராதியில் தேடிக் காட்டட்டும். அதுவும் வேண்டாமென்றால் பைலட் என்றே எழுதுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.

அப்புறம், இதே ஆட்கள் 'டிராக் சைக்கிளிங்'கைத் 'தடகள சைக்கிள்' ஆக்குகிறார்கள். தடகளம் என்றால் ஓட்டமும் தாண்டுதலும் எறிதலும் என்று பள்ளி விளையாட்டு விழாவுக்குப் போன எல்லோருக்கும் தெரியும். தடச் சைக்கிள் பந்தயம் என்று எழுத இவர்களுக்கு என்ன தடை?