லேப்டாப்பில் ஓடும் பைதான் நிரல் சர்வரில் ஏன் விழுகிறது?

பைதான் 3.12-இல் எழுதி, டெஸ்ட் எல்லாம் பாஸாகி அனுப்பிய நிரல், வாடிக்கையாளரின் ரெட் ஹேட் லினக்ஸ் 8 சர்வரில் கோப்பைத் திறந்தவுடனேயே சின்டாக்ஸ் எர்ரர் காட்டி நின்றுவிடுகிறது. காரணம் எளிது. அந்த சர்வரோடு வரும் பைதான் 3.6. பைதான் குழு 3.6-ஐ 2021 டிசம்பரிலேயே கைவிட்டுவிட்டது. ரெட் ஹேட் அப்படி விடவில்லை. தன் 8-ஆம் வெர்ஷனை 2029 வரை பராமரிப்பதாகச் சொல்லியிருக்கிறது, அதோடு அந்த 3.6-ஐயும். "3.6-ஐ இன்னுமா யாராவது வைத்திருக்கிறார்கள்?" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் சர்வர் அறைப் பக்கம் போகாதவர்கள்.

அதனால் எழுதத் தொடங்கும் முன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: இந்த நிரல் எந்தப் பழைய வெர்ஷன் வரை ஓட வேண்டும்? உபுண்டு 20.04-இல் 3.8, 22.04-இல் 3.10, 24.04-இல் 3.12. டெபியன் 11-இல் 3.9, 12-இல் 3.11. ரெட் ஹேட் 9-இல் 3.9. விண்டோஸ் 7 இன்னும் ஓடும் தொழிற்சாலைக் கணினி என்றால் 3.8-க்கு மேல் அதிகாரபூர்வமாக நிறுவவே முடியாது. ஓடப்போகும் இயந்திரங்களில் எது மிகப் பழையதோ அதுதான் உங்கள் அடிமட்ட வெர்ஷன். அதை எழுத்தில் வையுங்கள். "முடிந்தவரை பழையதிலும் ஓடும்" என்று சொன்னால் எதிலும் சோதிக்கவில்லை என்றுதான் பொருள்.

சர்வர் உங்கள் கையிலேயே இருந்தால் இந்தத் தலைவலியே வேண்டாம். ரெட் ஹேட் 8-இல் 3.11-ஐத் தனியாக நிறுவலாம். கன்டெய்னரில் வேண்டிய பைதானை வைத்து அனுப்பலாம். ஆனால் உபுண்டுவில் இயங்குதளத்தின் 'பைதான்3' கட்டளையைப் புதிய வெர்ஷனுக்குத் திருப்பிவிடாதீர்கள். மென்பொருள் நிறுவும் ஆப்ட் தொடர்பான கருவிகள் அந்த ஒரு பைதானுக்காகக் கம்பைல் செய்த மாட்யூல்களை நம்பியிருக்கின்றன. மறுநாள் 'ஆப்ட்_பிகேஜி' மாட்யூலைக் காணோம் என்று எர்ரர் வரும். கீழே வருவதெல்லாம் லைப்ரரி எழுதுபவர்களுக்கும், அடுத்தவர் சர்வரில் ஓட வேண்டியதை எழுதுபவர்களுக்கும்தான்.

உடனே தெரியும் பிழைகள்

புதிய இலக்கணத்தைப் பழைய பைதானுக்குக் கொடுத்தால் அது ஒரு வரியைக்கூட ஓட்டாது. எஃப்-ஸ்ட்ரிங் 3.6-இல் வந்தது. வால்ரஸ் எனப்படும் := குறி 3.8-இல், மேட்ச்-கேஸ் 3.10-இல், எக்ஸெப்ட்டுக்குப் பின் நட்சத்திரம் போடுவது 3.11-இல். இவையெல்லாம் பலருக்குத் தெரியும். இப்போது அதிகம் நழுவுவது வேறொன்று: 3.12-இல் எஃப்-ஸ்ட்ரிங்கின் விதிகள் தளர்ந்தன. வெளியே இரட்டை மேற்கோள் போட்டு, நெளிவு அடைப்புக்குள் டிக்ஷனரி சாவிக்கும் இரட்டை மேற்கோளே போட்டால் 3.12 ஏற்கும், 3.11 சின்டாக்ஸ் எர்ரர் தரும். நெளிவு அடைப்புக்குள் பின்சாய்வுக் கோடு போடுவதும் அப்படியே. பார்வைக்குப் பழைய எஃப்-ஸ்ட்ரிங் போலவே இருப்பதால் ரெவ்யூவில் யார் கண்ணிலும் படாது.

இங்கே வழக்கமான தவறு ஒன்று. கோப்பின் உச்சியில் வெர்ஷனைச் சோதித்து "3.10 வேண்டும்" என்று செய்தி தந்து வெளியேறும்படி எழுதுகிறார்கள், அதே கோப்பில் கீழே மேட்ச்-கேஸும் இருக்கும். பைதான் முழுக் கோப்பையும் முதலில் பார்ஸ் செய்த பிறகே முதல் வரியை ஓட்டும். ஆகவே பழைய பைதானில் அந்தச் சோதனை ஓடவே ஓடாது; பயனர் பார்ப்பது புரியாத சின்டாக்ஸ் எர்ரரைத்தான். சரியான ஏற்பாடு: பத்து வரிக்குள் ஒரு சிறிய தொடக்கக் கோப்பு, மிகப் பழைய இலக்கணத்தில், எஃப்-ஸ்ட்ரிங்கூட இல்லாமல். அது வெர்ஷனைச் சோதித்த பிறகு உண்மையான மாட்யூலை இம்போர்ட் செய்யட்டும்.

அந்தக் கோப்பின் செய்தியை மட்டும் ஆங்கிலத்தில் எழுதுங்கள் என்று தமிழில் எழுதுவது சங்கடம்தான். ஆனால் யாராவது அதைப் பைதான் 2.7-இல் ஓட்டினால், மேலே என்கோடிங் அறிவிப்பு இல்லாத கோப்பில் ஒரே ஒரு தமிழ் எழுத்து இருந்தாலும், அது கமென்டிலேயே இருந்தாலும், அங்கேயே சின்டாக்ஸ் எர்ரர். காப்பாற்ற வைத்த கோப்பே முதலில் விழும்.

வெர்ஷனைச் சோதிக்கும் விதத்திலும் கவனம் தேவை. எழுத்துச் சரமாக ஒப்பிட்டால் "3.10" என்பது "3.9"-ஐவிடச் சிறியது. சரத்தின் முதல் மூன்று எழுத்தை எடுத்தால் 3.10, "3.1" ஆகிவிடும். 'வெர்ஷன்_இன்ஃபோ'வை (3, 8) போன்ற டியூபிளோடு ஒப்பிடுவதே நம்பகமான வழி. இதே பொறி, டெஸ்ட்டுகளைத் தானாக ஓட்டும் சிஐ அமைப்பிலும் உண்டு: அதற்கான யாமல் கோப்பில் மேற்கோள் இல்லாமல் 3.10 என்று எழுதினால் அது தசம எண்ணாகி 3.1 என்று படிக்கப்படும். வெர்ஷன் எண்கள் எல்லாவற்றுக்கும் மேற்கோள் போட்டுவிடுங்கள்.

ஓடி நடுவில் விழுபவை

இலக்கணம் சரி, ஆனால் அழைக்கும் ஃபங்ஷனோ ஆர்கியுமென்டோ அந்த வெர்ஷனில் இல்லை. இவை அந்த வரியைத் தொடும்போதுதான் வெடிக்கும். 'சப்ப்ராசஸ்.ரன்'னுக்குக் கொடுக்கும் 'கேப்சர்_அவுட்புட்' 3.7-இல் வந்தது. 3.6-இல் டைப் எர்ரர். பேக்கப் தோல்வியடைந்தால் மட்டும் ஓடும் பகுதியில் அது இருந்தால், ஆறு மாதம் எல்லாம் நன்றாகவே ஓடும். தேவைப்படும் அன்று விழும். 3.6-இலும் ஓட வேண்டுமென்றால் ஸ்டான்டர்ட் அவுட்புட்டுக்கும் எர்ரருக்கும் தனித்தனியே 'பைப்' கொடுத்து, 'டெக்ஸ்ட்' என்பதற்குப் பதில் அதன் பழைய பெயரான 'யுனிவர்சல்_நியூலைன்ஸ்' போடுங்கள். புதிய வெர்ஷன்களும் அதை ஏற்கின்றன.

இரண்டு டிக்ஷனரிகளை | குறியால் சேர்ப்பது 3.9 முதல். அதற்கு முன் இரட்டை நட்சத்திரத்தால் இரண்டையும் விரித்து ஒரே டிக்ஷனரியாக்குவது வேலை செய்யும், அதில் இழப்பும் இல்லை. சரத்தின் முன்னொட்டை நீக்கும் 'ரிமூவ்ப்ரிஃபிக்ஸ்' கதை அப்படியல்ல. அதுவும் 3.9. பழையதில் இல்லையே என்று 'எல்ஸ்ட்ரிப்' போட்டு ஒப்பேற்றுகிறார்கள். அது முன்னொட்டை நீக்குவதில்லை. கொடுத்த எழுத்துகளில் எது முன்னால் வந்தாலும் நீக்கிக்கொண்டே போகும். "தமிழ்_தரவு" என்ற பெயரிலிருந்து "தமிழ்_" என்பதை இப்படி நீக்கிப் பாருங்கள். கிடைப்பது "ரவு". அடிக்கோட்டுக்குப் பின் வரும் 'த'வும் அந்த எழுத்துப் பட்டியலில் இருப்பதால் அதையும் தின்றுவிட்டது. 'ஸ்டார்ட்ஸ்வித்' வைத்துச் சோதித்து, முன்னொட்டின் நீளத்துக்கு வெட்டுங்கள்; இரண்டே வரி.

நேரத்தைப் படிப்பதில் மூன்று தலைமுறைகள் இருக்கின்றன. 'ஃப்ரம்ஐஎஸ்ஓஃபார்மட்' 3.6-இல் கிடையாது. 3.7 முதல் 3.10 வரை உண்டு. ஆனால் கடைசியில் 'இசட்' (யுடிசி நேரத்தின் குறி) போட்ட நேரத்தைக் கொடுத்தால் வேல்யூ எர்ரர். 3.11-இல்தான் அதை ஏற்கிறது. ஏபிஐக்கள் பாதிக்கு மேல் 'இசட்' போட்டே அனுப்புவதால் இது அடிக்கடி கடிக்கும். 3.7-தான் அடிமட்டம் என்றால் 'இசட்'டை +00:00 என்று மாற்றிவிட்டுக் கொடுத்தால் போதும். 3.6 என்றால் 'ஸ்ட்ரிப்டைம்' வைத்துப் படிக்க வேண்டும், அப்போது +0000 என்று, முக்காற்புள்ளி இல்லாமல். நேர மண்டலத்தில் முக்காற்புள்ளியை 3.7 முதல்தான் அது புரிந்துகொள்கிறது.

டைப் குறிப்புகளில் 'ஸ்டிரிங் | நன்' என்று எழுதுவது 3.10-இன் வழக்கம். கோப்பின் மேலே 'ஃப்யூச்சர்' மாட்யூலிலிருந்து 'அனொட்டேஷன்ஸ்' இம்போர்ட் செய்தால் 3.7-இலும் ஓடும், ஏனென்றால் குறிப்புகளை அது கணக்கிடாமல் சரமாக வைத்துவிடுகிறது. குறிப்புக்கு வெளியே இந்தப் பாதுகாப்பு கிடையாது: டைப்புக்கு ஒரு மாற்றுப் பெயர் வைக்கும் வரி, 'இஸ்இன்ஸ்டன்ஸ்'க்குள் போடும் |, பைடான்டிக் போன்ற லைப்ரரி ஓட்டத்தின்போது படிக்கும் குறிப்புகள், மூன்றும் விழும். 3.6-இலோ அந்த இம்போர்ட் வரியே சின்டாக்ஸ் எர்ரர்.

எர்ரரே வராதவை

மிக மோசமானவை இவைதான். பல வேலைகளை மாறிமாறி ஓட்டும் அசிங்க்ஐஓவில் ஒரு டாஸ்க்கை ரத்து செய்தால் எழும் 'கேன்சல்ட் எர்ரர்' 3.7 வரை சாதாரண 'எக்ஸெப்ஷன்' வகைக்குள் இருந்தது, 3.8-இல் 'பேஸ் எக்ஸெப்ஷன்' கீழ் போனது. சுழற்சிக்குள் "எந்த எக்ஸெப்ஷன் வந்தாலும் லாக் எழுதிவிட்டுத் தொடரு" என்ற நிரல் 3.8-இல் ஒழுங்காக நிற்கும். 3.7-இல் நிறுத்தச் சொன்னதையே விழுங்கிவிட்டு ஓடிக்கொண்டிருக்கும். அதற்கு மேலே 'கேன்சல்ட் எர்ரர்' வந்தால் மறுபடி எழுப்பும் இரண்டு வரி சேர்த்தால் எல்லா வெர்ஷனிலும் ஒரே நடத்தை.

தமிழ் உரையைக் கையாள்பவர்களுக்குத் தனியே ஒன்று. குறித்த நேரத்தில் நிரலைத் தொடங்கும் கிரான் வழியாக ஓடும் நிரலுக்கு லோகேல் (மொழி, எழுத்துக் குறியீடு) அமைப்பு பெரும்பாலும் கிடைக்காது. 'சி' லோகேலில் ஓடும். 3.6 அப்போது அவுட்புட்டை ஆஸ்கி என்று எடுத்துக்கொண்டு, தமிழை பிரின்ட் செய்தால் யூனிகோட் என்கோட் எர்ரர் தரும். 3.7 தானாகவே யுடிஎஃப்-8-க்கு மாறிக்கொள்ளும். கையால் ஓட்டினால் சரி, கிரானில் ஓட்டினால் தவறு என்ற புகாருக்குப் பின்னால் பல நேரம் இதுதான். 'பைதான்ஐஓஎன்கோடிங்' என்ற சூழல் மாறியில் யுடிஎஃப்-8 வைத்தால் இரண்டிலும் பிரின்ட் ஓடும். கோப்பைத் திறக்கும்போது என்கோடிங்கை வெளிப்படையாகக் கொடுங்கள். விட்டுவிட்டால் மேற்கத்திய அமைப்பிலுள்ள விண்டோஸில் பைதான், 1252 என்ற குறியீட்டை எடுத்துக்கொள்ளும். தமிழ்ப் புள்ளி யுடிஎஃப்-8-இல் 224, 175, 141 என்ற மூன்று பைட்டுகள். 1252-இல் 141-க்கு எழுத்தே கிடையாது. ஆகவே 'க்' வந்த இடத்தில் டிகோட் எர்ரர். புள்ளியோ, இதே சிக்கலுள்ள உகரக் குறி, 'ஏ', 'ஐ' போன்றவையோ இல்லாத வரி என்றால் எர்ரர்கூட இல்லாமல் குப்பை எழுத்தாக உள்ளே போகும். பைதான் தானாக யுடிஎஃப்-8 எடுப்பது 3.15 முதல்தான்.

எப்படிக் காவல் வைப்பது

இத்தனையையும் மனப்பாடம் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். வெர்மின் என்ற கருவி நிரலைப் படித்து, குறைந்தது எந்த வெர்ஷன் தேவை, எந்த வரியால் என்று சொல்லும். இலக்கு வெர்ஷனைக் கொடுத்து கமிட்டுக்கு முன் ஓட்டுங்கள், மீறினால் தடுக்கும். மற்றவர்களின் லைப்ரரிகளைப் பற்றி அதற்குத் தெரியாது. நிரலைச் சரிபார்த்துத் திருத்தும் ரஃப் கருவியை வைத்திருந்தால் அதன் இலக்கு வெர்ஷனைச் சரிபாருங்கள். தவறாக 3.12 என்றிருந்தால், பழையபடி நீங்கள் எழுதியதை எல்லாம் "நவீனமாக்கி" அதுவே உடைத்துக் கொடுக்கும்.

இவை எல்லாம் ஊகிக்கும் கருவிகள். தீர்ப்பு சொல்வது பழைய பைதான் மட்டுமே. கன்டெய்னர் இமேஜ்கள் கிடைக்கும் டாக்கர் ஹப்பில் 3.6 இமேஜ் இன்னும் கிடைக்கிறது. ரெட் ஹேட்தான் இலக்கு என்றால் அவர்களின் யுனிவர்சல் பேஸ் இமேஜ் (யூபிஐ) 8 இன்னும் நெருக்கம். முதலில் அதற்குள் 'கம்பைல்ஆல்' ஓட்டுங்கள்: சில நொடியில் இலக்கணப் பிழைகள் எல்லாம் வெளியே வரும். பிறகு முழு டெஸ்ட்டும். அடிமட்ட வெர்ஷனிலும் ஆகப் புதியதிலும் ஓட்டினால் பெரும்பாலானவை பிடிபடும், புதியதை விட்டுவிடாதீர்கள். பழையதை மனதில் வைத்து எழுதியது புதியதில் விழுவதும் உண்டு: 'கலெக்ஷன்ஸ்'-இலிருந்து நேரடியாக 'மேப்பிங்' எடுப்பது 3.10-இல் போனது, 'டிஸ்ட்யூட்டில்ஸ்' 3.12-இல் போனது.

வெர்ஷன் வேறுபாடுகளை நிரல் முழுக்கத் தூவாமல் ஒரே ஒரு மாட்யூலில் அடைத்துவிடுங்கள். அங்கே "இம்போர்ட் செய்து பார், இல்லாவிட்டால் வேறு" என்ற ட்ரை முறையைவிட வெளிப்படையான வெர்ஷன் சோதனை நல்லது. ட்ரை முறை உள்ளே நடந்த உண்மையான இம்போர்ட் பிழையையும் மறைத்துவிடும்; டைப் குறிப்புகளைச் சரிபார்க்கும் மைபை போன்ற கருவிகளும் வெர்ஷன் சோதனையைத்தான் புரிந்துகொள்கின்றன. டாம்ல் கோப்பைப் படிக்கும் 'டாம்லிப்' 3.11-இல் வந்தது, அதற்கு முன் 'டாம்லி' வேண்டும். அந்தத் தேவையைப் பைதான் 3.11-க்குக் கீழே இருந்தால் மட்டும் என்ற நிபந்தனையோடு சார்புப் பட்டியலில் சேர்க்கலாம்.

பேக்கேஜ் செய்யும் இடத்தில் 3.6-க்கு ஒரு குழி உண்டு. பேக்கேஜ் கட்டும் செட்டப்டூல்ஸில் 3.6-ஐ ஆதரித்த கடைசி வெர்ஷன் 59.6.0. பைப்ராஜெக்ட் கோப்பில் 'ப்ராஜெக்ட்' பகுதியைப் படிப்பது 61-இலிருந்துதான். எனவே மூலத் தொகுப்பை 3.6-இல் நிறுவினால், எர்ரர் எதுவும் இல்லாமல், 'அன்நோன்' என்ற பெயரில் 0.0.0 வெர்ஷனாக ஒரு காலிப் பேக்கேஜ் உட்காரும். புதிய பைதானில் வீல் (நேராக நிறுவத் தயாரான தொகுப்பு) கட்டி அதையே வெளியிடுங்கள், அல்லது விவரங்களைப் பழைய செட்டப் கோப்பில் வையுங்கள்.

ஒரு நாள் அடிமட்டத்தை உயர்த்தத்தான் வேண்டும். அந்த வெளியீட்டிலேயே, எந்தப் பைதான் வேண்டும் என்று சொல்லும் 'ரிக்வயர்ஸ்-பைதான்' மதிப்பையும் உயர்த்துங்கள். நிறுவும் கருவியான பிப் 9.0 முதல் அதைப் படித்து, பழைய பைதான் வைத்திருப்பவருக்குத் தானாகவே பழைய வெளியீட்டைக் கொடுக்கும். மேல் வரம்பு மட்டும் போடாதீர்கள்: "3.13-க்குக் கீழே" என்று போட்டால், 3.13 வைத்திருப்பவருக்கு பிப் வரம்பே இல்லாத ஏதோ ஒரு பழைய வெளியீட்டைத் தேடிப் பிடித்து நிறுவும். மதிப்பை உயர்த்த மறந்து வெளியிட்டுவிட்டால், பேக்கேஜ் களஞ்சியமான பைபிஐயில் ஏற்றிய கோப்பின் விவரத்தைத் திருத்த முடியாது. அந்த வெளியீட்டை 'யாங்க்' செய்துவிட்டு (பிப் தானாக எடுக்காதபடி விலக்கிவிட்டு), சரியான மதிப்போடு அடுத்த எண்ணில் வெளியிட வேண்டும்.